நாலுக்கு ஒன்று

கம்ப்ரசர் என்றதும்
மீன்பாடி வண்டி தனசீலன் கேட்டார்:
பஞ்சர் கடையா போடப் போற?
இல்லண்ணே.
அப்ப ஐஸ் கம்பெனிக்கா?
பாட்டுக்கு, என்றேன்.
திரும்பி, சாக்கு போர்த்திய பெட்டியை
ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
பதினெட்டு கிலோ. பாரிமுனை ஏலக் கடையில் எடுத்தது.
முகத்தில் இரண்டு குமிழ், ஒரு முள்,
பக்கவாட்டில் யாரோ ஆணியால் கீறிய 'தொடாதே'.

எண்ணெய்க் கிடங்குக்கு மேல் என் அறை.
வால்வு சூடேற இருபது நிமிஷம்.
இரவு ஏழுக்கு மேல் தெருவே ஏசி போடும்,
வோல்டேஜ் நூற்றெண்பதுக்கு இறங்கும்,
வருகிறவர் குரலில் ஒரு கறுப்பு ஏறும்.
அதனால் பகலில்தான் பதிவு.
கூட்ஸ் வண்டி வரும் நேரங்களைச் சுவரில் எழுதியிருக்கிறேன்.
கூட்ஸ் வண்டிக்கு நேரம் கிடையாது.
ஆனாலும் எழுதியிருக்கிறேன்.

இதன் சட்டம் எளிது.
ஒரு கோடு. அதற்குக் கீழே எப்படியும் இருந்துகொள்.
தாண்டினால்,
நாலு படி ஏறுகிறவளுக்கு
ஒரு படிதான் அனுமதி.
எங்கள் பக்கத்தில் இதைப் புதிதாக
யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
கிளாரினெட் வரதனுக்குப் பிடிக்கவில்லை,
பின்கழுத்தில் கை வச்ச மாதிரி இருக்குது என்றார்.
சட்டி அடிக்கிற பையனோ
இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி என்று
மதியச் சோற்றையே மறந்தான்.
கத்தலை அமுக்கிவிட்டு
மொத்தத்தையும் தூக்கிவிடுகிறது இது.
தூக்கும்போது அடியில் கிடந்ததும் கூடவே வரும்.

ஆகஸ்ட்டில் அமலோற்பவம் வந்தார்.
காசிமேட்டில் விடிகாலை ஏலம் கூவுகிறவர்.
தொண்டையில் ரெண்டு பரு இருக்காம்,
மூணு மாசம் வாயே திறக்கக் கூடாதாம்
ஸ்டான்லி டாக்டர் சொல்லிட்டாரு.
அக்கா மகன் ஜெரோமிடம் போன் இருந்தது.
ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியா எடுத்துக் குடு,
நான் அமுக்கிக்கிறேன் என்றான்.

பாட்டு இல்லை. எண்கள்.
நூறு. நூத்திப் பத்து. நூத்தி இருவது.
முந்நூறு கத்தலாகவும்
நானூறு முணுமுணுப்பாகவும் இருந்தால்
வியாபாரி சிரிப்பான்.
பெட்டி எல்லாவற்றையும் ஒரே தோளுயரத்தில் நிறுத்தியது.
ஒவ்வொரு எண்ணுக்கும் முள் பின்னால் சாய்ந்தது,
அறை வாங்கிய முகம் போல,
பிறகு மெதுவாக நிமிர்ந்தது.
அறுநூறில் கூட்ஸ் வண்டி. காத்திருந்தோம்.
வெந்நீர் குடித்தார்.
ஆயிரத்தோடு நிறுத்திக்கோ,
நம்மளுது நெத்திலி, அதுக்கு மேல போவாது.

அன்றிரவு ஹெட்போனில் கேட்டேன்.
ஆயிரம் என்ற கூவல்.
முள் நிமிர்கிற அந்த அரை விநாடிக்குள்
மின்விசிறி எழுந்து வருகிறது,
எச்சில் விழுங்குவது வருகிறது,
பிறகு, மைக்கை விட்டு முகம் திருப்பி,
பழக்கத்தில் தனக்கே சொன்னது:
யாரும் கேக்கல.

வெட்டியிருக்க வேண்டும்.
கத்தரிக்கோல் படத்தின் மேல் அம்புக்குறி நின்றது.
எத்தனை நேரம் என்று தெரியாது,
வால்வு ஆறும் மணம் வந்தது,
அப்படியே அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் நானே போனேன்.
இன்னும் விடியவில்லை. கால் வைக்கும் இடமெல்லாம் ஐஸ் தண்ணி.
கூடை மேல் ஒரு ஸ்பீக்கர்.
பக்கத்தில் அமலோற்பவம், வாய் மேல் துண்டு.
ஜெரோம் அமுக்க அமுக்க விலை ஏறியது.
தொள்ளாயிரம். தொள்ளாயிரத்துப் பத்து.
படகு கொஞ்சம்தான் வந்திருந்தது அன்றைக்கு.
ஆயிரம்,
என்றது ஸ்பீக்கர்,
யாரும் கேக்கல, என்றது.

சுற்றி ஒரு சிரிப்பு. அப்புறம்
புளியந்தோப்பு வியாபாரி ஒருவர் கை தூக்கினார்:
ஏன் கேக்கல? நான் கேக்குறேன். ஆயிரத்துப் பத்து.
இருவது, என்றார் பின்னாலிருந்து இன்னொருவர்.

ஜெரோம் போனை மேலும் கீழும் தள்ளினான்.
என்னைப் பார்த்தான்.
அதற்கு மேல் நாங்கள் எதையும் எடுத்திருக்கவில்லை.

அமலோற்பவம் துண்டை அவிழ்த்தார்.