எர்த்

அலென்தேஜோவில் மழை விட்ட சாயங்காலம்.
வேன்வீட்டிலிருந்து கேபிளை இழுத்துப் போய்
முகாமின் நீலக் கம்பத்தில் செருகினான் இத்ரிஸ்.
ஃப்ரிட்ஜ் முனகியது. கெட்டில் கொதித்தது.
எல்லாம் சரி.

மக்ஸன் மட்டும் ஏறவில்லை.
இரும்புப் படியில் மூக்கை ஒருமுறை வைத்தது,
கார்க் மரத்தடிக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டது.
பிஸ்கட் காட்டினோம். திட்டினோம்.
நாய்க்கு வயசாகிவிட்டது என்றான்.

தூக்கி வரலாமென்று வெறுங்காலோடு இறங்கினேன்,
ஒரு கால் ஈரப் புல்லில்,
ஒரு கை இன்னும் கதவில்.
விரலில் எறும்பு ஊர்ந்தது.
எறும்பு இல்லை.

பிடுங்கு, பிடுங்கு என்று கத்தினேன்.

அப்புறம்தான் டிராயரின் அடியிலிருந்து வந்தது
கார்டிஃபில் வாங்கிய டெஸ்டர்,
அட்டைகூடப் பிரிக்காமல்.
கம்பத்தில் வைத்துப் பார்த்தால்
இரண்டு விளக்கு எரிய வேண்டிய இடத்தில் ஒன்று.
எர்த் இல்லை.
இத்தனை மண்ணின்மேல் நின்றுகொண்டு
எர்த் இல்லை.

முகாம்காரி தெயோலிந்தா வந்தாள்.
"பதினோரு வருஷமா யாரும் ஒண்ணும் சொல்லலியே."
ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக்
கம்பத்தின்மேல் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

டார்ச் வெளிச்சத்தில் ரொட்டியும் மத்தி மீனும்.
கேபிளின் கடைசி முழமும் பெட்டிக்குள் போனபின்
மக்ஸன் எழுந்து வந்து
படியை முகர்ந்தது,
ஏறியது.

இத்ரிஸ் அதனிடம் மன்னிப்புக் கேட்டான்,
வெல்ஷில்,
எனக்குக் கேட்காது என்று நினைத்து.