தடைக்காலத்தில் படித்தது

அறுபத்தொரு நாள் கடலுக்குப் போகக் கூடாது.
உப்பனாற்றில் போட்டுகள் ஒன்றையொன்று இடித்தபடி நிற்கின்றன.
முதுநகர் ஐஸ் கம்பெனியில் ஒரு கம்ப்ரசர் மட்டும் ஓடுகிறது,
அதுவும் முனகிக்கொண்டு.
ராத்திரி அதற்கு நான் காவல்.
அமோனியா வாடை, கொசு,
பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய
அட்டையில்லாத புத்தகம் ஒன்று,
வைக்கிங்குகளைப் பற்றி.

கொம்பு வைத்த தொப்பி அவர்கள் போட்டதேயில்லையாம்.
முதல் பக்கத்திலேயே ஏமாற்றம்.

விதைத்துவிட்டுக் கொள்ளைக்குப் போவார்கள்,
அறுப்புக்குத் திரும்பிவிடுவார்கள்.
அதுவும் ஒரு சீசன் வேலைதான்.
பலகை மேல் பலகை ஏற்றி ஆணி அடித்த படகு,
முழங்கால் தண்ணீர் போதும்,
ஆற்றோடு ஊருக்குள் வந்துவிடும்.
கெடிலத்தில் புகுந்திருந்தால்
திருப்பாதிரிப்புலியூர் கோயில் உண்டியல் என்னவாகியிருக்கும் என்று
யோசித்துப் பார்த்தேன்.
சித்திரையில் வந்திருந்தால் தப்பித்திருப்போம்.
ஆறு முழுக்க மணல்.

ஒரு பாய்க்கு நூற்றுக்கணக்கான ஆடுகளின் ரோமம்,
வருஷக்கணக்காய்ப் பெண்கள் நூற்றது.
கொள்ளைக்குப் போனவன் பெயர் கல்லில் இருக்கிறது.
நூற்றவள் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை.

எல்லோரிடமும் எலும்புச் சீப்பு உண்டு.
சனிக்கிழமைக்கு அவர்கள் வைத்த பெயரே
குளியல் நாள்.
வாரம் தவறாமல் குளித்தே நம் பெண்களை மயக்குகிறார்கள் என்று
இங்கிலாந்துக்காரன் ஒருவன் புலம்பி எழுதியிருக்கிறான்.

அன்றைக்கும் சனிக்கிழமை.
எண்ணெய் தேய்த்து முழுகிய ஈரத்தலையோடு
பழைய பாக்கி கட்ட வந்த சிந்தாமணியிடம் சொன்னேன்.
"அப்ப நம்ம ஆளுங்கதான்.
கருவாடு போடுவாங்களா?"
போடுவார்கள். காட் என்று ஒரு மீன்,
குளிர்காற்றிலேயே கட்டையாய்க் காய்ந்துவிடும்,
உப்பே வேண்டாம்.
"உப்பில்லாமயா?"
அத்தோடு அவளுக்கு அவர்கள் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

அடிமைச் சந்தை பற்றிய பக்கங்களை அவளிடம் சொல்லவில்லை.
கரையோர ஊர்களில் பிடித்த பெண்களை
வெள்ளிக்கு நிறுத்து விற்றதை.
போன வருஷம் சுருக்குமடிச் சண்டையில்
பக்கத்து ஊர் ஆட்கள் விடியுமுன் வந்து
அவள் மகன் படகைக் கொளுத்தினபோது
நான் இதே ஷிப்டில் இருந்தேன்.
கொளுத்தினவர்களுக்கும் இங்கிருந்துதான் ஐஸ் போகிறது.

வீழ்ச்சிக்கு எட்டே பக்கம்.
பெரிய தோல்வி ஒன்றைத் தேடினேன்.
ராஜா வந்தார், வரி வந்தது,
சர்ச்சில் மணி அடித்தது.
கொள்ளையடித்த இடத்திலேயே நிலம் கிடைத்தவன்
வேலி போட்டான்.
வேலி போட்டவனுக்கு
ராத்திரி நாய் குரைத்தால் தூக்கம் வராது.
அவ்வளவுதான்.

கிரீன்லாந்தில் மட்டும் கொஞ்சம் பேர், ஓரமாய்.
வருஷாவருஷம் குளிர் ஏறி
கடலில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது.
கப்பல் வருவது நின்றது.
அங்கிருந்து எழுத்தில் வந்து சேர்ந்த கடைசிச் செய்தி
ஒரு கல்யாணம்.
சாட்சிகள் பெயரெல்லாம் இருக்கிறது.
என்ன சாப்பாடு போட்டார்கள் என்று இல்லை.
பிறகு ஒரு வரியும் இல்லை.

ஜூன் பதினான்கு.
பன்னிரண்டு மணிக்குத் தடை முடியும்,
பத்துக்கே வாசலில் வண்டி வரிசை.
உப்புநீரிலிருந்து கேனைத் தூக்கிக் கவிழ்த்தால்
ஐஸ் பார் புகைந்துகொண்டே வழுக்கி வருகிறது.
எங்கோ ஒரு ஊரையே மூடிய சாமான்,
இங்கே பார் நூற்றிருபது ரூபாய்.

சிந்தாமணி மகன் புதுப் படகுக்கு எட்டு பார் கேட்டான்.
அவனுக்குப் பின்னால் நின்றவன்
பக்கத்து ஊர்.
இவன் திரும்பவில்லை, அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒரே மிஷினில்தான் இரண்டு பேருக்கும் உடைத்தேன்.

நோட்டை எடுத்து எழுதினேன்:
எட்டு பார். கடன்.
பேனா மையை உதறி,
தேதியும் போட்டேன்.