உடன் வருபவர்

பதினோரு முறை தாமதம்.
ராய்ஸ்டன் ஆக்ராய்ட் என்ற பெயருக்கு நேரே
பதினோரு சிவப்புக் கோடுகள், என் கையால்.
பன்னிரண்டாவது காலை
ஹாலிஃபாக்ஸ் மழை சொட்டும் தொப்பியோடு அவன் நுழைந்தபோது
"நாளையிலிருந்து வராதே" என்றே சொல்லிவிட்டேன்.
நல்லவேளை,
பெரிய சலவை எந்திரம் அந்நேரம் பார்த்துப்
பிழியத் தொடங்கி அலறியது.
அவன் காதில் விழவில்லை.
இரண்டாம் முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மதியம் வழக்கறிஞர் இமோஜன் ஃபர்த்திடம் போனேன்.
மணிக்கணக்குக்குக் காசு வாங்குகிறவள்
அவசரமே இல்லாமல் என் கடிதத்தைப் படித்தாள்.
"பொறுப்பற்ற" – அடித்தாள்.
"இனியும் பொறுப்பதற்கில்லை" – அடித்தாள்.
"முடிவு செய்துவிட்டேன்" என்ற இடத்தில்
பேனாவை மூடினாள்:
முடிவு செய்த பிறகு
எதற்கு விசாரணை?

மிஞ்சியது நான்கே வரி.
என்ன புகார். எந்தெந்தத் தேதி.
எப்போது பேசலாம்.
விரும்பினால் ஒருவரை உடன் அழைத்து வரலாம்.

"சேர்ந்த அன்று கொடுத்த தாள் எங்கே?"
எந்தத் தாள்?
"சம்பளம், வேலை நேரம், விடுப்பு,
விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு."
கை குலுக்கினோம், என்றேன்.
ஓட்டல் படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தேன்,
கை ஈரம்.
"அதுவும் ஒப்பந்தம்தான்.
ஆனால் ஆளுக்கொரு பிரதி,
ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பிரதி."

அன்றிரவு ஏடுகளை விரித்தேன்.
அவன் பிழைக்குச் சாட்சி தேடப் போய்
என் பிழைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.
போன வருட விடுப்பில் ஒன்பது நாள்:
"பிறகு எடுத்துக்கொள்" என்றிருக்கிறேன்.
பிறகு என்றொரு மாதம்
எந்த நாட்காட்டியில் வருகிறது?
கிழிந்த விரிப்புக்காகப் பிடித்த பன்னிரண்டு பவுண்டு:
அவன் எழுதித் தந்த சம்மதம்
ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

வியாழன், மூன்று மணி.
கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் மூன்று நாற்காலி.
மடிப்பு மேசையிலிருந்து பொழேனா உடன் வந்தாள்,
விரல்களில் கஞ்சி வாசனையோடு.
அவள் பேசலாம். அவனுக்காக வாதாடலாம்.
அவனிடம் கேட்ட கேள்விக்கு மட்டும்
அவள் பதில் சொல்லக் கூடாது.

ஏன் தாமதம், என்று கேட்டேன்.
அவன் காலணியைப் பார்த்தான்.
பொழேனாவின் வாய் திறந்து, மூடியது.
அவளுக்குத் தெரியும்.
தெரிந்ததைச் சொல்ல முடியாத அவள் அவஸ்தை
அறை முழுக்கப் புழுங்கியது.

"ஐந்து நிமிடம் வெளியே போய்ப் பேசலாமா?"
கேட்டது அவள்தான்.
தேய்த்த கண்ணாடிக்கு அப்பால்
இரண்டு நிழல்கள். ஒன்று தலையாட்டியது,
மற்றது வெகுநேரம் ஆட்டவில்லை.

திரும்பி வந்து சொன்னான்:
"ஜனவரியிலிருந்து மேட்டுக்கு முதல் பேருந்து இல்லை.
அடுத்தது ஆறு மணிக்குத்தான் கிளம்புகிறது.
சொன்னால்
பக்கத்தில் குடியிருக்கும் ஆளைத் தேடுவீர்கள் என்று..."

ஏட்டைப் பார்த்தேன்.
முதல் சிவப்புக் கோடு, ஜனவரி ஆறு.
அதற்கு முன்னே நான்கு வருடம்
ஒரு கீறல் இல்லை.
கோடு போட்டவள் நான்தான்.
எங்கே தொடங்குகிறது என்று பார்க்காதவளும்.

ஆறரைக்கு வா, மாலையில் அரை மணி கூட இரு என்றேன்,
பெரிய தாராளம் போல.
அவன் உடனே தலையாட்டவில்லை.
"மகளைப் பள்ளியில் கூப்பிட வேண்டும்.
திங்கட்கிழமை சொல்லட்டுமா?"
இருவரும் ஒப்பினால்தான் மாற்றம்
என்று இமோஜன் அடிக்கோடிட்டிருந்தது
அப்போதுதான் புரிந்தது.
திங்கட்கிழமை, என்றேன்.

ஒன்பது நாள், பன்னிரண்டு பவுண்டு
இரண்டையும் குறித்துக் காட்டினேன்.
நான்கு வருடம் பிந்திய தாளை
அவன் பக்கமாகத் தள்ளினேன்.
இரண்டு முறை படித்தான்.
பிறகு பேனாவை வாங்கி
கையெழுத்துப் போடாமல்
மேலே, தன் பெயர் இருந்த இடத்தில்,
விடுபட்டிருந்த ஓர் எழுத்தைச் சேர்த்தான்.

"சம்பளச் சீட்டிலும் இப்படித்தான் வருகிறது"
என்றான்.
நான்கு வருடமாக.