எட்டு மணிக்குள் வந்துவிடும்

ஏழே முக்காலுக்கு முதல் போன், லில்லிபாய் டீச்சர்.
"விஜிலா, அவ கையில வெஷக் கிளாசு.
குடிச்சாளா இல்லியாண்ணு தெரியல்ல,
படம் நின்னு போச்சு பிள்ளே."
இரண்டாவது, ரப்பர் கடை ஞானதாஸ்:
"மாசம் இருநூத்தம்பது எண்ணித் தாறோம்லா?"
மூன்றாவதை எடுக்கவில்லை.
எட்டு மணிக்குள் வந்துவிடும் என்று
யாருக்கென்றில்லாமல் சொல்லிவிட்டு
ஏணியை ஸ்கூட்டியில் குறுக்காகக் கட்டினேன்.
கருங்கல் வட்டாரத்தில் அந்தக் கட்டு
எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஐப்பசி மழை.
மிடாலம் திருப்பத்தில் அயனிக் கொப்பு முறிந்து
வயரோடு தொங்குகிறது.
பல்லில் டார்ச், இடுப்பில் கொறடு.
மேலே ஏறினால் எல்லா வீட்டுச் சன்னலும் தெரியும்.
நீல வெளிச்சம் போன அறைகளில்
ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறார்கள்.

அந்தத் தொடர் எனக்கும் அத்துப்படி.
நாயகியை ஸ்டோர் ரூமில் பூட்டி மூன்று வாரம் ஆனது.
சாதாரணத் தாழ்ப்பாள், ஆறு ஸ்க்ரூ.
நான் என்றால் நாலு நிமிஷம்.
அவள் கதவில் சாய்ந்து அழுதாள்,
நகை எதுவும் கழறாமல்.
வில்லிக்குக் கிராப்புத் தலை.
தானே கார் ஓட்டுவாள்.
பெண்ணுரிமை என்ற சொல்லை அந்த வீட்டில்
அவள் ஒருத்திதான் சொல்லுவாள்.
அப்போதெல்லாம் ஒரு இசை வரும்,
பாம்பு நுழையும்போது போடுவார்களே, அது.

என் முடி போன பங்குனியில்
திங்கள்சந்தைக் கம்பத்தில் கிளாம்பில் சிக்கியது.
மேலேயே வைத்து வெட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.
அன்று முதல் ஜங்ஷனில் நிற்கிற பையன்கள்
நான் வண்டியை நிறுத்தினால்
வாயால் அந்த இசையைப் போடுகிறார்கள்.
சுருதி பிசகாமல்.
அவர்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள்
நான்தானே.

மகளிர் தினத்துக்கு ஒரு சேனல்காரர்கள் வந்தார்கள்.
சேலை கட்டி ஏறச் சொன்னார்கள். ஏறவில்லை.
சரி, மாமியாருக்குச் சாயா கொடுங்கள் என்றார்கள்.
அவர்தான் எனக்குப் போட்டுத் தருவார் என்றேன்.
பரவாயில்லை, ஒரு தடவை கொடுங்கள்.
கணவர் அனுமதித்தாரா என்று கேட்டார்கள்.
ஸ்டான்லி மஸ்கட்டுக்குப் போனபோது
இருநூற்று அறுபது கனெக்‌ஷன்,
இப்போது நானூற்றுப் பன்னிரண்டு என்றேன்.
கம்ப வாடகை பற்றிச் சொன்னேன்.
பொம்பளை சொல்லி நான் வயர் இழுக்கணுமா என்று
நின்றுபோன இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன்.
எதற்காக ஏறுகிறீர்கள் என்றதற்கு
ஏறப் பிடிக்கும் என்றேன்.

ஒளிபரப்பானது சாயா.
கீழே எழுத்து ஓடியது:
'குடும்பத்துக்காகக் கம்பம் ஏறும் தாய்.'
எனக்குப் பிள்ளை கிடையாது.
அன்றைக்கென்று பார்த்து சிக்னல்
கண்ணாடி மாதிரி இருந்தது.

இப்போது வயரின் இரண்டு நுனியும் என் கையில்.
சும்மா பிடித்துக்கொண்டு இருக்கலாம்.
பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்,
ஒரு நிமிஷமோ இரண்டோ.
அப்புறம் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன்.
மாதக் கடைசி, வசூலுக்குப் போகணும்.

சன்னல் சன்னலாக நீலம் பற்றியது.
டீச்சர்தான் மறுபடியும்:
"வந்தாச்சு. அவ குடிக்கல்ல கேட்டியா,
மாப்பிள வந்து தட்டிவிட்டுட்டான்."
"அவளுக்கே கீழ போடத் தெரியாதா டீச்சர்?"
போனுக்குள் கொஞ்ச நேரம்
சோப்பு விளம்பரம் மட்டும் கேட்டது.
பிறகு,
"நீ பைய எறங்கு பிள்ளே. மழையாக்கும்."

இறங்கவில்லை.
கடல் பக்கம் ஒரு வள்ளத்தின் விளக்கு
முங்கி முங்கி வந்துகொண்டிருந்தது.
அது கரை சேர்கிறவரைக்கும்
மேலேயே இருந்தேன்.