மருந்து

ரைன் பாலம் தாண்டினால் கேல்.
இரண்டு கொடி, ஒரு காப்பி இயந்திரம்,
இரவு பதினொன்றுக்கு நான்.

மேசைக்கு இந்தப் பக்கம் சொலேன் கிர்மான், பிரெஞ்சுப் பட்டியலோடு.
அந்தப் பக்கம் எக்பெர்ட், ஜெர்மன் பட்டியலோடு.
"யோகாஷாந்திரான்" என்றாள் அவள்.
"யோகாஹாந்திரான்" என்றார் அவர்.
யோகச்சந்திரன், என்றேன். ஆள் ஒன்றுதான்.
அதற்கே அவ்வளவு சந்தோஷம்.
கைகுலுக்கிக்கொண்டார்கள்
என் தேநீருக்கு மேலாக.

பிறகு ஒலிப்பதிவு, நாற்பத்தொரு விநாடி.
"மருந்து பாலத்துக்கு அங்கால வந்திட்டுது.
வெள்ளிக்கு முதல் எடு.
குலுக்காதை.
அம்மாவுக்குச் சொல்லாதை."

என்ன மருந்து? என்றார்கள்,
இரண்டு மொழியில், ஒரே மூச்சில்.

காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து.
கிணறு வெட்டக் கல்லில் துளைபோட்டு
இடித்து அடைப்பதும் மருந்து.
திரும்பப் போடச் சொன்னேன். திரும்பவும்.
பின்னால் ஒரு கெற்றில் கொதித்தது,
யாரோ செருப்பு இழுத்து நடந்தார்கள்.
குரலில் பயம் இருந்தது. யாருக்குத்தான் இல்லை,
நாட்டுக்கு நாடு மாத்திரை வாங்கப் போனால்?

வெள்ளிக்கிழமை நத்தார்ச் சந்தை திறக்கிறது.
என் மகன் பள்ளிக்கூடத்தோடு பாடப் போகிறான்,
மூன்றாம் வரிசையில், சிவப்புத் தொப்பி.

இரண்டு பொருளையும் எழுதினேன்.
எதை முதலில் எழுதினேன் என்று
என்னைக் கேட்காதீர்கள்.

வியாழன் விடிய ஐந்துக்கு
இரண்டு கரையிலும் ஒரே நிமிடத்தில் கதவு உடைந்தது.
கடிகாரத்தைக்கூடச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

பத்து நாள் கழித்து அதே அறை. அதே காப்பி.
யோகச்சந்திரனின் தாய், கம்பளிக்கு மேல் சேலைத் தலைப்பு,
மடியில் ஊசிமருந்துப் பெட்டி,
குளிர் விட்டுப்போனது, இனி உதவாது.
கதவுக்கு ஆர் காசு தருவினம், என்றாள்.
சொலேன் எக்பெர்ட்டைப் பார்த்தாள்.
எக்பெர்ட் ஒரு படிவத்தைத் தேடினார்.
அது அந்தக் கரையில் இருப்பதாகச் சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.
"பிள்ளை, மருந்தெண்டதை
இவைக்கு ஆர் மாத்திச் சொன்னது?"

கேள்வியைப் பிரெஞ்சில் சொன்னேன். ஜெர்மனிலும் சொன்னேன்.
எக்பெர்ட் பதில் சொன்னார்.
அவருடைய மொழி ஒளிக்க விடாது,
மொழிபெயர்த்தவர் ஆணா பெண்ணா என்பது
சொல்லின் வாலிலேயே தெரிந்துவிடும்.

தமிழில் சொன்னேன்:
ஒரு ஆள், அம்மா.