விண்விண்

பதினேழாவது வளைவில் வேன் மூச்சு வாங்கியது.
இறங்கிச் சில்லுக்குக் கல் வைத்தேன்.
பின்னால் பல் பிடுங்கும் கதிரை, தராசு,
பூச்சி மாத்திரைப் பெட்டி,
ஐஸ்பெட்டியைப் பிள்ளைபோல் மடியில் வைத்தபடி
தாதி சமந்தி.
மேலே பனிமூட்டத்துக்குள் எங்கேயோ பள்ளிக்கூட மணி.
மணி இல்லை, தண்டவாளத் துண்டு.
சத்தத்தில் தெரியும்.

எனக்குச் சம்பளம் வண்டி ஓட்டத்தான்.
மொழிபெயர்க்க இருந்த பொடியன்
மார்கழியில் கட்டாருக்குப் போய்விட்டான்.
அன்றிலிருந்து
ஸ்டியரிங்கை விட்ட கையோடு
பல் டொக்டர் இமேஷாவுக்குப் பக்கத்து வாங்கில் நான்.

முதலில் தவசீலன், ஆறாம் ஆண்டு.
கன்னத்தைப் பொத்திக்கொண்டு
"விண்விண்ணென்று தெறிக்குது" என்றான்.
நான் சொன்னேன்: ரிதெனவா.
அடுத்தவளுக்குப் பச்சைத்தண்ணி பட்டால் சுரீரென்கிறது.
ரிதெனவா.
ஒருத்திக்கு வயிறு பிசைகிறது,
இன்னொருத்தனுக்கு அட்டை கடித்த இடம் நமநமக்கிறது,
சின்னவன் ஒருவனுக்குக் கால் கடுக்கிறது
(மூன்று கட்டை நடந்து வருகிறவனுக்கு
கடுக்காமல் என்ன செய்யும்).
ரிதெனவா, ரிதெனவா.

டொக்டர் பேனையை வைத்தார்.
எல்லாருக்கும் ஒரே நோவா?
இல்லை மிஸ்,
என் சிங்களத்துக்குத்தான் ஒரே நோவு.
டயர் கடையில் பொறுக்கியது அது;
நட்டு கழற்றப் போதும்.

அவர் தன் கடைவாயைத் தொட்டு
விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டினார்:
"கக்கியனவா?"
அதுதான். அதேதான்.
பிறகு தவசீலனிடம் குனிந்து,
"வின் வின்?"
ஒரு சுழி குறைந்தது.
பையன் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டான்.
திறந்த வாய்க்குள் ஊசி போனது
அவனுக்கே தெரியாது.

கண் பார்ப்பது பின்சுவரில்.
ஆறு மீற்றர் அளந்து சோக்குக் கோடு.
அட்டை முழுக்க
மூன்று பல் சீப்புப்போல் ஒரே எழுத்து;
பல் எந்தப் பக்கம் என்று
கையால் காட்டினால் போதும்.
டிலுக்ஷனா தயங்காமல் காட்டினாள்:
மேல், வலம், கீழ், கீழ், இடம்.
கடைசி வரி வரைக்கும் ஒரு பிழை இல்லை.
சமந்தி சரி போட்டுவிட்டார்.

எனக்கு இடித்தது.
இவள் அட்டையைப் பார்க்கவே இல்லை.
வரிசையில் நின்றபோது
முன்னால் போன பதினொரு பேரின் கையைத்தான் பார்த்தாள்.

எனக்குத் தெரியும்.
கனரக லைசன்சுக்குப் போன அன்று
இடது கண்ணுக்கான வரியை
முன்னால் நின்ற லொறிக்காரனின் வாயிலிருந்து
பாடமாக்கியவன் நான்.
இதை யாருக்கும் மொழிபெயர்த்ததில்லை.

எழுந்து போய் அட்டையைத் தலைகீழாய் மாட்டினேன்.
இன்னொருக்காக் காட்டு, தங்கச்சி.
மேல், வலம், கீழ்…
பழைய வரிசை.
பேனை உரசும் சத்தம் கேட்கவில்லை என்றதும்
கை பாதியில் நின்றது.

ஏன்டி என்றேன்.
மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்காமல் சொன்னாள்:
"கண்ணாடி போட்டா ஒடைச்சிருவேன்.
ஒடைச்சா அம்மாவுக்கு நாலு நாள் பேர்."

என்ன சொல்கிறாள் என்று
பல் கதிரைக்குப் பின்னாலிருந்து டொக்டர் கேட்டார்.
இதற்கு என்னிடம் வேறு சொல் இல்லை.
ரிதெனவா, என்றேன்.
எங்கே?
எங்கே என்று காட்ட முடியவில்லை.

பிறகு ஒவ்வொரு சொல்லாய்,
நட்டும் போல்ட்டும் சேர்த்து முறுக்குவதுபோல்,
அம்மா, கொழுந்து, சம்பளம், நாலு நாள் என்று
கைவிரலையும் நீட்டிச் சொல்லி முடித்தேன்.
டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து
பத்திரத்தில் ஒரு இடத்தைச் சுட்டினார்.
அவள் தாளை மூக்குவரை கொண்டுபோய்
எழுத்துக்கூட்டினாள்: இலவசம்.
நம்பாமல் இன்னொருமுறை.
உடைந்தாலுமா, என்று கேட்டாள்.
அது பத்திரத்தில் இல்லை.

இறங்கும்போது இருட்டிவிட்டது.
டொக்டர் முன் இருக்கையில்.
எப்படிக் கண்டுபிடித்தாய், என்றார்.
வளைவு வந்தது.
ஹோன் அடித்தேன்,
தேவைக்கு மேல் ஒருமுறை.