அவனுக்குத் தெரியாது

திருத்துறைப்பூண்டி, வேதை ரோடு.
பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால்
செல்போன் சர்வீஸ் கடைக்குள்
உலகம் முடிந்து இருநூற்றுப் பத்து வருஷம்.

முடித்தவள் பல்கீஸ்.
பழைய பில் புத்தகத்தின் பின்பக்கங்களில்
பென்சிலால் முடித்தாள்.
கடல் மன்னார்குடி வரை ஏறி நின்றுவிட்டது.
அங்கே பஸ் ஸ்டாண்டில்
அலையாத்தி வேர்விட்டிருக்கிறது.
கரன்ட் என்ற சொல்
பிள்ளைகளை மிரட்ட மட்டும் மிச்சம்.

நாங்கள் நாலு பேர் பொறுக்கிகள்,
அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும்.
இடிபாட்டில் கிடைப்பதற்குப் பல்கீஸ் பெயர் சொல்ல மாட்டாள்.
எடை சொல்வாள், நிறம் சொல்வாள்,
நாக்கில் வைத்தால் என்ன ருசி என்பதும்.
மீதி, பகடை.
கூரியரில் வந்த இருபது முகப் பகடை.
அதில் ஏழு தேய்ந்து ஒன்று மாதிரித் தெரியும்,
அதற்கு ஒரு சண்டை எப்போதும் உண்டு.

போன மாதம் டோமினிக்
கேஸ் ரெகுலேட்டரைக் கழுத்தில் கட்டித் தலைவனானான்.
நான் செட்டாப் பாக்ஸுக்குள்
வாத்து முட்டை வைத்து அடைகாத்தேன்.
இரண்டு விழுந்தால் அறிவு அவ்வளவுதான்.

இன்றைக்கு அவள் வாசித்தாள்:
"நீடாமங்கலம் தாண்டி ஒரு மேடு.
கருங்கல் சுவர் ரெண்டு.
நடுவுல இரும்புப் பலகை, ஆள் உயரம்,
பாதி மண்ணுக்குள்ள.
மேல மரை போட்ட ஒரு தண்டு,
தண்டு உச்சியில சக்கரம்.
சுத்தினா அசையல.
நாக்குல வெச்சா ரத்த ருசி."

இளங்கீரன் நிமிர்ந்தான்.
பொதுப்பணித் துறையில் லஸ்கர் அவன்.
மேட்டூர் திறந்த பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ
கோரையாற்றுத் தண்ணீர் அவன் மதகுக்கு வரும்.
அன்று ராத்திரி கடைமடைக்காரர்கள் டார்ச்சோடு வந்து
இன்னும் நாலு மரை ஏத்துப்பா என்பார்கள்.
அவர்கள் போன கையோடு
மேல்மடைக்காரன் கம்போடு வருவான், இறக்கச் சொல்லி.

வாயைத் திறந்தான்.
பல்கீஸ் பென்சிலை நீட்டினாள்.
"உனக்குத் தெரியும்.
அவனுக்குத் தெரியாது. உருட்டு."

மூன்று.

சாமி அறைக் கதவு என்றேன் நான்.
ராட்சசர்கள் மாவரைத்த மிஷின் என்றான் டோமினிக்.
நர்மதா எதுவும் யோசிக்கவில்லை, எடைதான் கேட்டாள்.
மன்னார்குடிக் கரையில் இரும்புக்கு
நல்ல தண்ணீர் தருகிறார்கள்,
வீசைக்கு ஒரு குடம்.
விடிந்ததும் ரம்பம் போடுவது என்று முடிவாயிற்று.

"அதுக்கு முன்னாடி," என்றான் இளங்கீரன்.
"எங்கிட்ட மீன் எண்ணெய் இருக்குல்ல?"
"இருக்கு. விளக்குக்கு."
"அத மரையில தடவுறேன்."
"எதுக்கு? அவனுக்கு ஒண்ணும் தெரியாதே."
"தெரியாது.
துருப் பிடிச்சிருக்கு. கை போவுது."

இதற்கு விதி எழுதியிருக்கவில்லை.
பல்கீஸ் பக்கங்களைப் புரட்டினாள்,
பென்சிலைக் கடித்தாள்,
வெளியே வேளாங்கண்ணி பஸ் ஒன்று நின்று கிளம்பியது.
"உருட்டணுமா?"
"வேண்டாம். தடவு."

தடவினான்.
சும்மா காற்றில்தான்.
கீழிருந்து மேலே, ஒவ்வொரு மரையாக,
கட்டைவிரலை உள்ளே அழுத்தி,
வழிந்ததைத் துடைத்து மறுபடி மேலே ஏற்றி.
நகக்கண்ணில்
பகல் வேலையின் கிரீஸ் அப்படியே இருந்தது.
எங்களுக்கு அவசரப்படுத்தத் தோன்றவில்லை.
விளக்கில்லாத ராத்திரி என்று
பல்கீஸ் குறித்துக்கொண்டாள்.

"அசைஞ்சுதா?"
"அடுத்த சனிக்கிழமை."

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை.
தண்ணீர் வந்துவிட்டதாம், மதகிலேயே படுக்கையாம்,
போனை எடுத்து
சத்தத்தை மட்டும் கேட்க வைத்துவிட்டு வைத்துவிட்டான்.

நாங்கள் மூவரும் பலகைக்குப் பக்கத்தில்
உட்கார்ந்திருந்தோம், ஆட்டத்திலும்.
குடம் காலி. ரம்பம் நர்மதாவின் மடியில்.
அவன் வரும்வரை அறுப்பதில்லை என்றாள்.
ஏனென்று பல்கீஸ் கேட்டாள்.

எங்களுக்குத் தெரியும்.
அந்த மூன்று பேருக்குத் தெரியாது.